முந்நூற்று எண்பத்தொன்பதாவது மணி

பதிவுக் கழகத்தின் கடிதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. கையெழுத்திட்டு வாங்கிய அந்தப் பெண்மணி, வந்த தேதியையும் நேரத்தையும் உறையின் மூலையில் பென்சிலால் குறித்த பிறகே அதைப் பிரித்தார். உள்ளே சான்றிதழ் இருக்கும் என்று நம்பினார். அதை மாட்டுவதற்குக் கூடத்துச் சுவரில் ஆணிகூட அடித்தாயிற்று.

சான்றிதழ் இல்லை. மனநல ஆலோசகராகப் பதிவு பெற வேண்டுமானால், படிப்பை முடித்த பின் மேற்பார்வையாளர் ஒருவரின் கீழ் நானூற்றைம்பது மணி நேரம் மனிதர்களோடு நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்பது கழகத்தின் விதி. அவர் பெயரில் அனுப்பப்பட்டிருந்த பட்டியல் நானூற்று ஐம்பத்திரண்டு மணியைக் காட்டியது. வழக்கம்போல் அதிலிருந்து பத்துப் பேரைப் பொறுக்கியெடுத்துத் தொலைபேசியில் சரிபார்த்திருக்கிறார்கள். ஒன்பது சரி. பத்தாவதில்தான் சிக்கல்.

'வரிசை எண் 389. ஆலோசனைக்கு வருபவர் எண் 17. அமர்வு நடந்ததாகக் காட்டப்பட்டுள்ள நாளுக்கு ஒன்பது நாள் முன்னதாகவே மேற்படி நபர் காலமாகிவிட்டதாக அவருடைய அண்ணன் தெரிவிக்கிறார். இருபத்தொரு நாளுக்குள் தங்கள் விளக்கம் தேவை.'

அவருடைய கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுப்பவர். எந்தத் துயரத்தையும் முதலில் ஒரு கேலியால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் படித்தார்.

"ஏம்மா, செத்தவங்களுக்கும் கவுன்சிலிங் குடுத்தியா? உயிரோட இருக்குற எனக்கே நேரம் ஒதுக்க மாட்டேங்குற!"

 முன்னால் வந்து மனைவியின் முகத்தைப் பார்த்தவர், தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போய்விட்டார்.

கடிதத்தில் இருந்த அமர்வுத் தேதி சரி. இறந்த தேதியும் சரி. இரண்டும் சரி என்பது அவருக்குத் தெரியும்.

இருபத்துமூன்று ஆண்டுகள் அவர் ஒரு பெரிய மருத்துவமனையின் ரெக்கார்ட் ரூமில் வேலை பார்த்தவர். அங்கே எல்லோருக்கும் அவர் ஃபைல் அக்கா. தலைமை மருத்துவர்கூட, "ஃபைல் அக்காகிட்ட கேளுங்க, போன ஜென்மத்து எக்ஸ்ரேகூட எடுத்துக் குடுப்பாங்க" என்பார். அந்த அறையில் அவர் கண்டுபிடித்த உண்மை ஒன்று உண்டு. அப்பாவின் கோப்பைக் கேட்டு வருகிறவர், அம்மாவின் கோப்பைக் கேட்டு வருகிறவர், தாள் கைக்குக் கிடைத்ததும் போய்விடுவதில்லை. வாசல் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார். யாராவது ஒரு வார்த்தை கேட்க மாட்டார்களா என்று உட்கார்ந்திருப்பார். ஃபைல் அக்கா கேட்பார். பிறகு, கேட்பதற்கும் ஒரு முறை உண்டு என்று அறிந்து, மதிய உணவு இடைவேளைகளில் பழைய பாடப் புத்தகங்களைத் தாமே வாங்கிப் படித்தார். நாற்பத்தேழு வயதில் இரண்டாண்டு வாரயிறுதிப் படிப்பில் சேர்ந்தார். வகுப்பில் முதல் மதிப்பெண். வேலையிலிருந்து முன்கூட்டியே ஓய்வு பெற்றார். மிச்சமிருந்தது அந்த நானூற்றைம்பது மணிதான்.

அந்த மணிகளை அவர் மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஆலோசனை மையத்தில் சேர்த்தார். அவருக்கு ஒதுக்கப்பட்டது இரண்டாம் அறை. நேர் எதிராக இல்லாமல் சற்றே சாய்வாகப் போடப்பட்ட இரண்டு நாற்காலிகள், ஒரு முக்காலி, அதன்மேல் காகிதக் கைக்குட்டைப் பெட்டி. சுவர்க் கடிகாரம் வருபவரின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். நேரம் போவது ஆலோசகருக்கு மட்டும் தெரிந்தால் போதும். பேச்சு வெளியே கேட்காமலிருக்க, சத்தம் போடும் பழைய மின்விசிறியை வேண்டுமென்றே மாற்றாமல் வைத்திருந்தார்கள்.

மேற்பார்வையாளரை எல்லோரும் மேடம் என்பார்கள். மேடத்திடம் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரிய வழக்கம் ஒன்று இருந்தது. வர வேண்டியவர் வராவிட்டாலும் அறையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. காலி நாற்காலிக்கு எதிரே, கழகம் ஒரு மணியாகக் கொள்ளும் அந்த ஐம்பது நிமிடமும் உட்கார்ந்திருக்க வேண்டும். அதோடு, அவர் வந்திருந்தால் என்ன பேசியிருப்பார் என்பதை அவருடைய வாய்மொழியிலேயே எழுத வேண்டும்.

"அப்பதான் அவங்கள மனசுல வெச்சிருக்கியா, இல்ல மறந்துட்டியான்னு உனக்கே தெரியும்" என்பார் மேடம்.

வந்தவர்களைப் பற்றிய குறிப்பு வெள்ளைத் தாளில். வராதவர்களுக்கு மஞ்சள் தாள். மஞ்சள் கணக்கில் சேராது. விதி அவ்வளவுதான். இதில் தவறு நேர இடமே இல்லை என்று ஃபைல் அக்கா எண்ணியிருந்தார்.

பதினேழாம் எண்ணுக்குரிய பெண் வியாழக்கிழமைகளில் மூன்று மணிக்கு வருவாள். பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டுகிறவள். வயது முப்பத்துநாலு. எவ்வளவு கழுவினாலும் நகக்கண்களில் மாவு வெள்ளையாகத் தெரியும். தாய் உறக்கத்திலேயே இறந்துபோன பிறகு அண்ணனோடு ஒரே வீட்டில் இருந்தாள். பதினோரு முறை வந்தாள். பெரும்பாலும் பேசாமல் உட்கார்ந்திருப்பாள்.

"பேசணும்னு ஒண்ணும் இல்லக்கா. இங்க உக்காந்தா யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க. அதுக்குத்தான் வரேன்."

"நான் கேக்குறேனே?"

"நீங்க கேக்குற மாதிரி கேட்டு நிறுத்திடுறீங்க. அது நல்லாருக்கு."

அண்ணனைப் பற்றி ஒரே ஒரு முறை வாயைத் திறந்தாள். "அண்ணன் நல்லவன்தான்" என்றாள். அதற்குமேல் அந்தக் கதவு திறக்கவில்லை.

பன்னிரண்டாவது வியாழன் அவள் வரவில்லை. ஃபைல் அக்கா மஞ்சள் தாளில் நாலு வரி எழுதி வைத்தார். அடுத்த வியாழனும் வரவில்லை. அன்று மஞ்சள் தாள் தீர்ந்திருந்தது. மேடத்திடம் கேட்டனுப்பியதற்கு, 'மஞ்சள் இல்லை, வெள்ளையில் எழுதவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு வந்தது. ஃபைல் அக்கா சீட்டைக் கைப்பையில் பத்திரப்படுத்தினார். வெள்ளைத் தாளின் மேல்மூலையில் 'வராதவர்' என்று பென்சிலால் எழுதினார். தற்காலிகக் குறிப்புகளைப் பென்சிலால் எழுதுவது ரெக்கார்ட் ரூம் பழக்கம். பிறகு பேனாவை எடுத்தார்.

அன்று நடந்ததை அவர் எவரிடமும் முழுமையாகச் சொன்னதில்லை. மற்ற நாள்களில் யோசித்து யோசித்துத்தான் எழுதுவார். அன்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மின்விசிறியின் சத்தத்துக்கு அடியிலிருந்து அந்தக் குரல் தானாக வந்தது. சொல்லச் சொல்ல எழுதுபவரைப் போலத் தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் எழுதினார்.

'அண்ணன் ஷிஃப்ட் முடிஞ்சு விடியக்காலைல வருவான்க்கா. செருப்பக் கையில எடுத்துக்கிட்டு, சத்தம் போடாம வருவான். நான் முழிச்சுத்தான் இருப்பேன். தூங்குற மாதிரி கெடப்பேன். ஒரு நிமிஷம் நின்னு பாத்துட்டுப் போவான். எனக்கு அந்த ஒரு நிமிஷம் போதும். அவன்கிட்ட இதச் சொன்னதில்ல.'

கடிகாரத்தைப் பார்த்தபோது மூன்று ஐம்பது. முன்னால் இருந்த நாற்காலியின் மெத்தை யாரோ இப்போதுதான் எழுந்து போனதைப்போல மெல்ல மேலெழும்பியது. பழைய மெத்தை அப்படித்தான் எழும்பும் என்று அவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வியாழன் காலையில் வரவேற்பில் இருந்த பெண் அவள் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினாள். அவள் இறந்து பதினாறு நாளாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை எழுந்திருக்கவில்லை. இதயம் நின்றுவிட்டதாக மருத்துவமனை எழுதிக்கொடுத்திருக்கிறது. ஃபைல் அக்கா விரல்விட்டு எண்ணினார். அந்த வெள்ளைத் தாளை எழுதிய அன்று அவள் போய் ஒன்பது நாள்.

மேடம் அந்தக் கோப்பைப் புரட்டக்கூட இல்லை. "விடு. போனவங்க போயாச்சு. ஃபைல க்ளோஸ் பண்ணு" என்று கட்டச் சொன்னார். மையத்தின் எழுத்தர் வெள்ளைத் தாள்களை எண்ணினார். பதினேழாம் எண்ணுக்குப் பன்னிரண்டு. ஸ்கேன் செய்தார்கள், மையத்தின் விதிப்படி அசல்களை இயந்திரத்தில் போட்டுக் கிழித்தார்கள். பென்சில் எழுத்து ஸ்கேனில் விழவில்லை.

மாதங்கள் கழித்து மொத்தப் பட்டியல் கையெழுத்துக்கு வந்தது. வீட்டில் அவர் கோடு போட்டு வைத்திருந்த டைரியின்படி நானூற்று ஐம்பத்தொன்று. பட்டியலில் நானூற்று ஐம்பத்திரண்டு. அந்த ஒன்று எது என்பது அவருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது. தேவையே இல்லாத மணி. ஐம்பத்தொன்றே போதும், ஒன்றை நீக்கச் சொல்ல ஒரு வரி போதும். பேனாவை வைத்துவிட்டு எழுந்து, ஜன்னல்வரை போய்த் திரும்பினார். அவள் அன்று வரவில்லை என்று எழுதிக்கொடுக்க அந்தக் கை ஏனோ எழவில்லை. கையெழுத்துப் போட்டார். ரெக்கார்ட் ரூம் ஆண்டுகளையும் சேர்த்து, பொய்யென்று தெரிந்தே அவர் ஒப்பமிட்ட முதல் தாள் அதுதான்.

கழகத்தின் கடிதத்தோடு மேடத்தின் அறைக்குப் போனபோது, மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"வராத மணிக்கு எழுதச் சொன்னேனா? நானா? மனசுல நெனச்சுப் பாருன்னு சொல்லியிருப்பேன்."

"மஞ்சள் தாள் குடுத்தது நீங்கதான மேடம்?"

"அது ரஃப் பேப்பர். இங்க பாரு, வர்றவங்க சொல்லாதத அவங்க ஃபைல்ல எழுதுறது எவ்வளவு பெரிய குத்தம் தெரியுமா? என் லைசென்ஸ் போயிடும். உனக்கு லைசென்ஸே வராது." குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய். தேதி தப்பாப் போட்டுட்டேன், ரெண்டு வாரத்துக்கு முந்தி கூடுதலா நடந்த அமர்வு அதுன்னு எழுதிக் குடு. நானும் கையெழுத்துப் போடுறேன். முடிஞ்சுது."

"தேதி தப்பு இல்ல மேடம்."

"தப்புன்னு நீ சொன்னா தப்பு. உன் தேதிதானே?"

உடன் பயிற்சி பெற்ற ஒருவரை ஃபைல் அக்கா தொலைபேசியில் சாட்சிக்குக் கூப்பிட்டார். முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர் அவர். இந்த மஞ்சள் தாள் வழக்கத்தைத் தினமும் கிண்டல் செய்தவர். "அக்கா, எனக்குப் போன மாசம்தான் பதிவு வந்துச்சு. என்னைய இதுல இழுக்காதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டில் கணவர், "மேடம் சொல்றத எழுதிக் குடுத்துடேன். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். பிறகு அவரே, "நீ குடுக்க மாட்ட. சிக்னல் இல்லாத ரோட்லகூட சிவப்பு விழுந்த மாதிரி நிப்ப. தெரியாமலா உன்னக் கட்டிக்கிட்டேன்!" என்று பெருமூச்சு விட்டார்.

தேதியை மாற்றினால் இன்னொன்றும் நடக்கும் என்பது ஃபைல் அக்காவுக்கு விளங்கியது. அந்தத் தாளில் உள்ளவை இறந்தவளின் சொற்களாகவே நிலைத்துவிடும். உண்மையில் பேசிய பதினோரு மணியில் எது அவள் சொன்னது, எது தாம் கேட்டதாக நினைப்பது என்ற எல்லைக் கோடு ஏற்கெனவே அழியத் தொடங்கியிருந்தது. வியாழக்கிழமை மூன்று மணி நெருங்கினால் எங்கே இருந்தாலும் மூக்கில் மாவின் வாசனை ஏறியது. கடைத்தெருவில் யாராவது "அக்கா" என்று கூப்பிட்டால் உடம்பு ஒரு கணம் குளிர்ந்துபோனது. விளக்கம் தர இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

அந்த வாரம்தான் அவளுடைய அண்ணன் ஃபைல் அக்காவைத் தேடி மையத்துக்கு வந்தான். மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் மெக்கானிக். கையில் அந்தத் தாளின் நகல் இருந்தது. சரிபார்ப்பதற்காகக் கழகமே அவனுக்கு அனுப்பியிருந்தது. ஒருவரின் அந்தரங்கக் குறிப்பைத் தபாலில் போட்டுவிட்டு, விதிகளைப் பற்றித் தமக்குக் கடிதம் எழுதுகிறார்களே என்று அவர் பல்லைக் கடித்தார். இரண்டாம் அறையில், எந்த நாற்காலி என்று யோசிக்காமல், அவன் தங்கையின் நாற்காலியிலேயே உட்கார்ந்தான்.

"இது அவ சொன்னதா மேடம்?"

"இல்லப்பா. அன்னைக்கு அவங்க வரல. வந்திருந்தா என்ன பேசியிருப்பாங்கன்னு நான் எழுதிப் பாத்தது."

அவன் தாளை விரித்து, ஒரு வரியின் மேல் விரலை வைத்தான். கிரீஸ் படிந்த விரல்.

"செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வருவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"தெரியல."

"வீட்ல நாங்க ரெண்டு பேருதான். நான் சொல்லல. அவளும் சொல்லலன்னா, அப்ப யாரு?"

"பல பேர் அப்படிச் செய்வாங்க. அதனால தோணியிருக்கலாம்."

"ஒரு நிமிஷம் நின்னு பாப்பேன்னும் தோணுச்சா?" அவன் குரல் உடைந்து கோபமாக மாறியது. "வேல போயிடும்னு பயந்துக்கிட்டு அவ வரலன்னு சொல்றீங்க. அவ வந்திருக்கா. எப்படி வந்தா, எப்ப வந்தான்னு நான் கேக்கல. கழகத்துக்கு எழுதிடுறேன், வந்தான்னு."

"வராதவங்கள வந்தாங்கன்னு எழுதாதீங்க."

"கடைசி ஒரு மாசம் அவ என்கிட்டப் பேசல மேடம். ஒரு சின்னச் சண்டை. பேசாமலே போயிட்டா. இந்தத் தாள்ல மட்டும்தான் பேசியிருக்கா. இதையும் இல்லங்குறீங்களே!"

அவன் போன பிறகு ஃபைல் அக்கா மையத்தின் கணினியில் பதினோரு குறிப்புகளையும் மூன்று முறை படித்தார். செருப்பு இல்லை. விடியற்காலை இல்லை. ஒரு நிமிடம் இல்லை.

கழகத்தின் விசாரணை நீளமான மேசை போட்ட அறை ஒன்றில் நடந்தது. மூன்று உறுப்பினர்கள், குறிப்பெடுக்கும் ஒருவர், எதிர்ப்புறம் மேடம். ஃபைல் அக்கா எழுதிக்கொண்டுபோன விளக்கம் நாலு பக்கம், இணைப்புகள் ஆறு. மூன்றாம் இணைப்பு அந்தத் துண்டுச் சீட்டு. மேடம் அதைப் பார்த்துவிட்டு, "அது ரஃப் பேப்பர் பத்தி எழுதினது" என்றார். தலைவர், "குறித்துக்கொள்ளப்படுகிறது" என்றார். அத்தோடு அது முடிந்தது. வராத மணிக்கு எழுதச் சொன்னது யார் என்ற கேள்வியை அந்த மேசையில் யாரும் பிறகு எழுப்பவில்லை. அவர் அனுபவித்த அநியாயங்களில் மிகச் சத்தமில்லாதது அதுதான்.

"ஒரு மணி கூடுதலா இருந்தது கையெழுத்துப் போடும்போது தெரியுமா?" என்று தலைவர் கேட்டார்.

"தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். அது என் தப்பு."

மூன்றாவது உறுப்பினர், வயதில் இளையவர், இரக்கமான குரலில் பேசினார். "சகோதரர் எழுதியிருக்கிற கடிதம் எங்கள் முன்னால் இருக்கிறது. துக்கத்தில் எழுதியிருக்கிறார். நீங்கள் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அந்தத் தாளில் உள்ளது முழுவதும் உங்கள் கற்பனை என்று பதிவு செய்யுங்கள். அந்த மணியை நீக்கிவிட்டு, ஓர் எச்சரிக்கையோடு மீதியை ஏற்றுக்கொள்ளலாம்."

சொல்லிவிடலாம். வாய்வரை வந்தது. சான்றிதழ், ஆணி, சுவர் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்கு அந்தப் பக்கம் காத்திருந்தன.

"அவங்க வரலைங்குறதுக்கு நான் சாட்சி" என்றார் ஃபைல் அக்கா. "எழுதினது என் கை. ஆனா அதுல இருக்குறது எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. கற்பனைன்னு எழுதிக் குடுக்க என்கிட்ட ஆதாரம் இல்ல. ஆதாரம் இல்லாம இனிமே ஒரு கையெழுத்தும் போட மாட்டேன்."

குறிப்பெடுப்பவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மேடம் ஜன்னலைப் பார்த்தார். அரை மணி நேரம் வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். பதிவு ஓராண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது. வேறொரு மேற்பார்வையாளரின் கீழ் புதிதாக நூறு மணி. வரிசை எண் 389 நீக்கம். மேடத்துக்கு, தாள்களை ஒழுங்காகப் பேணுமாறு ஓர் அறிவுரை.

தாழ்வாரத்து பெஞ்சில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். வேலையுடுப்பிலேயே வந்திருந்தான். அவரைக் கண்டதும் எழுந்தான்.

"என்ன சொன்னீங்க?"

"உங்க தங்கச்சி வரலன்னு சொன்னேன்."

அவன் தலை கவிழ்ந்தது.

"கற்பனைன்னு சொல்லச் சொன்னாங்க. அத என்னால சொல்ல முடியல."

"அதனால?"

"ஒரு வருஷம் தள்ளிப் போட்டுட்டாங்க."

அவன் மறுபடி பெஞ்சில் உட்கார்ந்தான். உள்ளே நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. மேடமும் உறுப்பினர்களும் பேசிச் சிரித்தபடி மறுபக்கக் கதவால் போனார்கள். ஃபைல் அக்கா பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அக்கா" என்றான். இதுவரை மேடம் என்றே அழைத்தவன். "அம்மா தூக்கத்துல போனாங்கல்ல, அதுக்கப்புறம் எனக்கு ஒரு பயம். வேல முடிஞ்சு வந்ததும் இவ மூச்சு விடுறாளான்னு பாப்பேன். அந்த ஒரு நிமிஷம் அதுக்குத்தான். போர்வை ஏறி எறங்குறதப் பாத்தாப் போதும், போய்ப் படுத்துடுவேன்."

"ம்."

"அந்தச் செவ்வாக்கெழமையும் நின்னேன். எப்பவும் மாதிரிதான் கெடந்தா. எனக்கு அசதி. சரியாப் பாக்கல. ஏறி எறங்குச்சா இல்லையான்னு இப்பவும் தெரியல. போய்ப் படுத்துட்டேன்." அவன் அவருடைய முகத்தை நேராகப் பார்த்தான். "அன்னைக்கு நான் நின்னது அவளுக்குத் தெரியுமா? அப்ப இருந்தாளா? உங்களுக்குத் தெரியும்க்கா. நீங்க சொல்லுங்க."

பகல் வெளிச்சம் நிறைந்த தாழ்வாரம். மின்விசிறிகூட இல்லை. இருந்தும் மாவின் வாசனை வந்தது. அடித்தொண்டையில் அந்தக் குரல் அசைந்தது. சொல்வதற்குத் தயாராக, ஒரு வார்த்தை முன்னால் வந்து நின்றது. ஃபைல் அக்கா பெஞ்சின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதுப்பா" என்றார்.

அவன் அழத் தொடங்கினான். அவர் எழுந்து போகவில்லை. அவன் அழுகைக்கு அடியில் அந்தப் பெண் இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள். அவர் வாயை இறுக மூடிக்கொண்டு, ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.